சீனப் படவுலகில் எடிட்டரின் ஸ்தானம்

சீனாவுக்குப் போய்ப் படம் எடுக்கிற அயல்நாட்டுத் தயாரிப்பாளர்களிடத்திலும், அந்த நாட்டிலேயே படத்தொழிலில் பணம் போடுகிற முதலாளிகளிடத்திலும், ஏன், சினிமாவைப் பற்றி எழுதுகிற விமரிசகர்கள் பலரிடத்திலுங்கூட ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. படப்பிடிப்பு முடிந்த பிறகு நடப்பதெல்லாம் வெறும் கைவேலை. அதற்கு வேண்டியவை ஒரு கம்ப்யூட்டரும், இராத்திரி கண்விழிக்கத் தயாராயிருக்கிற ஓர் இளைஞனுமே. அப்படிப்பட்ட இளைஞர்கள் பெய்ஜிங்கிலும் ஷாங்காயிலும் ஏராளம். ஆகையால் எடிட்டருக்கென்று முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்குவது வீண் செலவு, கடைசி நாள் படப்பிடிப்பு முடிந்த பிறகு எவன் குறைந்த கூலிக்கு வருகிறானோ அவனை அமர்த்திக்கொண்டால் போதும் என்பதே அந்த அபிப்பிராயத்தின் சாரம். இதற்குப் பக்கபலமாக இன்னொரு வாதமும் சொல்லப்படுகிறது: சீனாவில் கடைசி எடிட்டர் தணிக்கை அதிகாரிதான், அவர் வெட்டப்போகிற படத்தைத் தொகுப்பதற்குத் தேர்ந்த கலைஞர் எதற்கு? இவ்விரண்டு வாதங்களும் அடியோடு தவறானவை என்பதும், வேறு எந்த நாட்டையும்விடச் சீனாவில்தான் எடிட்டரைச் சிரத்தையோடு தேடி முன்கூட்டியே அமர்த்த வேண்டியிருக்கிறது என்பதும் என் திடமான நம்பிக்கை.

இந்த அபிப்பிராயம் எங்கிருந்து முளைத்தது என்பதை நிதானமாகப் பார்ப்பது நியாயம். பழைய நாளில் பெய்ஜிங், ஷாங்காய், சாங்சுன், ஸியான் முதலிய நகரங்களில் அரசாங்க ஸ்டூடியோக்கள் இருந்தன. எடிட்டர் என்பவர் அந்த ஸ்டூடியோவின் நிரந்தரச் சிப்பந்தி. மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, பிலிம் துண்டுகளுக்கு எண் போட்டு, ஒட்டி, சுருட்டி, ஒலியோடு பொருத்திப் பழகின பிறகே ஒருவர் தம் பெயரில் ஒரு படத்தைத் தொகுக்க முடிந்தது. பெய்ஜிங் ஸ்டூடியோவில் மூத்தவராயிருந்த ஃபூ ஜெங்யீ போன்றவர்கள் அந்த அநுபவத்தைப் பாடநூலாகவே எழுதி வைத்தார்கள். 1993-ஆம் வருஷத்தில் படங்களின் விநியோக முறையை அரசாங்கம் மாற்றி, ஸ்டூடியோக்கள் தங்கள் சரக்கைத் தாங்களே விற்றுப் பிழைத்துக்கொள்ள வேண்டுமென்று ஆன பின்பு, அந்தக் குரு சிஷ்ய ஏற்பாடு படிப்படியாகக் குலைந்தது. எடிட்டர் படத்துக்குப் படம் ஒப்பந்தம் பேசுகிற தனியாள் ஆனார். ஏறக்குறைய அதே காலத்தில் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. கருவியின் விலை வருஷா வருஷம் இறங்கியது. கருவி மலிந்ததைக் கண்டவர்கள், அதைக் கையாளுகிற புத்தியும் மலிந்துவிட்டதென்று எண்ணிக்கொண்டார்கள். தவறு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

எடிட்டர் செய்வது கைவேலையா, சிருஷ்டியா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஜாங் யிமோவின் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கட்டும். 1991-இல் வந்த 'ரெய்ஸ் தி ரெட் லாண்டர்ன்', 1992-இல் வந்த 'தி ஸ்டோரி ஆஃப் சியூ ஜூ' ஆகிய இரண்டுக்கும் டைரக்டர் ஒருவர், கதாநாயகி ஒருவர், எடிட்டரும் ஒருவரே. அவர் டு யுவான். முதற்படத்தில் நான்கு மனைவியர் அடைபட்டுக் கிடக்கிற மாளிகையின் முற்றங்கள், சதுரம் சதுரமாக, சிறிதும் அசையாத காட்சிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் மூச்சை நெருக்குகின்றன. காட்சி ஒவ்வொன்றும் சற்று அதிகமாகவே நிற்கிறது, அந்த அதிகத்தில்தான் சிறைவாசத்தின் நீளம் நமக்குத் தெரிகிறது. இரண்டாம் படத்தில் கர்ப்பிணியான ஒரு குடியானவப் பெண், தன் புருஷனை உதைத்த கிராமத் தலைவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்ல வேண்டுமென்பதற்காக, வழிச்செலவுக்கு மிளகாய் வற்றலை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விற்று, வட்டாரத்துக்கும் மாவட்டத்துக்கும் நகரத்துக்கும் நடையாய் நடக்கிறாள். வீதிக் காட்சிகளில் பெரும்பகுதி ஜனங்களுக்குத் தெரியாமல் காமிராவை மறைத்து வைத்து எடுத்தவை. யார் குறுக்கே வருவார், யார் திரும்பிப் பார்ப்பார் என்று எவராலும் முன்னதாகச் சொல்ல முடியாத காட்சிகள். ஒரே பிரயாணம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் தடவை எவ்வளவு நேரம் காட்டுவது, மூன்றாம் தடவை எதை விட்டுவிடுவது, மிளகாய் எடைபோடும் இடத்தில் எப்போது நிறுத்துவது என்பவையெல்லாம் தப்பினால் அந்தப் படம் சலிப்புத் தட்டும் ஒரு புகார் மனுவாகப் போயிருக்கும். வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கத்தைப் பெற்றது அந்தப் படம். ஒரு வருஷ இடைவெளிக்குள் இவ்வளவு வேறுபட்ட இரண்டு லயங்களை ஒருவர் கொண்டுவந்தாரென்றால், அவரைக் கூலியாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹாங்காங்கின் வில்லியம் சாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் வருஷத்தில் வோங் கார்-வாய் எடுத்த 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்துக்கு அவரே கலை அமைப்பாளர், அவரே உடை அமைப்பாளர், அவரே எடிட்டர். தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு கதாநாயகி நூடுல்ஸ் வாங்கப் படி இறங்குகிறாள். அதே படி, அதே விளக்கு, அதே வாத்திய இசை. ஆனால் அவள் உடுத்தியிருக்கிற சியோங்சாம் மாத்திரம் வேறு. உடை மாறியதைக் கொண்டுதான் நாட்கள் கடந்துபோனதை நாம் உணர்கிறோம்; தேதி சொல்லுகிற எழுத்தோ, சுவர்க்கடிகாரத்தின் துணையோ அந்த இடத்தில் தேவைப்படவில்லை. உடையைத் தேர்ந்தவரே வெட்டையும் தேர்ந்ததனால் அல்லவா இது கைகூடிற்று? மாதக்கணக்கில் நீண்ட படப்பிடிப்பில் அந்தக் காதலர்கள் கூடுவதாகவும் காட்சிகள் எடுக்கப்பட்டன. கதை எழுபதுகள் வரை போவதாகவும் எடுக்கப்பட்டது. அவையெல்லாம் தொகுப்பறையில் விலக்கப்பட்டன. விலக்கிய பிறகு மிஞ்சியதே உலகம் கொண்டாடுகிற படம். கான் விழாவின் நுட்பப் பரிசு அந்த வருஷம் ஒளிப்பதிவாளர்கள் இருவரோடு சேர்த்து வில்லியம் சாங்குக்கும் வழங்கப்பட்டது. இப்படிப்பட்டவரைப் படம் முழுவதும் எடுத்து முடித்த பிறகு கூப்பிடுவது, அரிசியை உலையில் போட்டுவிட்டுச் சமையற்காரனைத் தேடப் புறப்படுவது போன்ற காரியம்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒன்று உண்டு. 1948-இல் ஷாங்காயில் ஃபெய் மூ எடுத்த 'ஸ்பிரிங் இன் எ ஸ்மால் டவுன்' படத்தில் ஐந்தே பாத்திரங்கள். இடிந்த வீடு, இடிந்த மதில். ஒரே இடத்தில் ஒரே இருவர் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு காட்சி இன்னொரு காட்சிக்குள் மெல்லக் கரைகிறது. காலமோ இடமோ மாறும்போது மாத்திரம் டிஸால்வ் போடுவதுதான் அக்காலத்துச் சம்பிரதாயம். அதை மீறியதனால், சொல்லத் துணியாத ஆசை ஒரு தம்பதியரின் வீட்டுக்குள் நிழல்போல நடமாடுவதைப் படம் காட்டிவிட்டது. பல வருஷம் கவனிப்பாரற்றுக் கிடந்த அப்படத்தை, 2005-இல் ஹாங்காங் திரைப்பட விருதுக் குழுவினர் தேர்ந்தெடுத்த நூறு சீனப் படங்களின் வரிசையில் முதலாவதாக வைத்தார்கள். தொகுப்பின் சூட்சுமம் சீனாவுக்கு வெளியிலிருந்து இறக்குமதியான நாகரிகம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் எனக்குத் தெரியாது.

இனி, பாஷை தெரியாத எவரும் படத்தைத் தொகுக்கலாம், படத்துக்குப் பாஷை ஏது என்கிற ஆக்ஷேபணை. இதைச் சொல்கிறவர்கள் உடனே மத்தியூ லாக்லோவை உதாரணம் காட்டுவார்கள். பிரெஞ்சுக்காரரான அவர் ஜியா ஜாங்க்கேயின் 'எ டச் ஆஃப் ஸின்' படத்தைத் தொகுத்து, 2013-இல் தைவானின் தங்கக் குதிரை விருதைப் பெற்றது உண்மைதான். ஆனால் அந்த விருது இருவருக்குச் சேர்ந்து கிடைத்தது என்பதை ஏன் சொல்லாமல் விடுகிறார்கள்? மற்றவர் லின் ஷூடோங். ஆவணப்படங்களில் ஊறித் திளைத்த அறிஞர், ஜியாவின் நெடுநாளைய ஆலோசகர். லாக்லோவோ 2008 முதலே பெய்ஜிங்கில் குடியிருந்து, சீன பாஷை பேசி, சீனப் படங்களிலேயே தொழில் பழகியவர். நான்கு கதைகள் கொண்ட அந்தப் படம் ஷான்ஸியில் ஆரம்பித்து, சோங்சிங், ஹுபேய் வழியாகக் குவாங்டோங் வரை போகிறது. ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிறது, பேச்சோடு மௌனத்தின் அளவும் மாறுகிறது. ஷான்ஸிச் சுரங்கத் தொழிலாளி பதில் சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்கிற தாமதம் கோபமா, பயமா, வெறும் வழக்கமா என்பது தெரிந்தால் அல்லவா அதை வைத்திருப்பதா, குறைப்பதா என்று தீர்மானிக்க முடியும்? எழுத்து மொழிபெயர்ப்பை ஓரத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு வார்த்தைகள் எட்டும்; அந்தத் தாமதத்தின் அர்த்தம் எட்டாது. ஆகவே லாக்லோவின் வெற்றி என் கட்சிக்கே சாட்சி. ஜியா அமர்த்திக்கொண்டது, அந்த மண்ணில் வாழ்ந்து பழகிய ஒருவரையும், அதிலேயே பிறந்த ஒருவரையும்.

அந்த இருவரும் யாங் சாவ் என்பவரோடு சேர்ந்து தொகுத்த 'காட் பை தி டைட்ஸ்' 2024-இல் கான் விழாவுக்கு வந்தது. தொகுப்பு என்பது படத்துக்குப் பிற்பாடு வருகிற வேலை என்று நினைக்கிற எவரும் அந்தப் படத்தின் முன்னே வாயடைத்துப் போவார்கள். தொற்றுநோய்க் காலத்தில் வெளியே போய்ப் படம் பிடிக்க முடியாமல் முடங்கியிருந்தபோது, ஜியா 2001 முதல் தாம் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த காட்சிகளை, பழைய படங்களில் இடம்பெறாமல் தங்கிப்போனவற்றையும், எதற்கென்று தெரியாமலே எடுத்தவற்றையும், எடிட்டர்களோடு உட்கார்ந்து திரும்பப் பார்க்கலானார். சின்ன டிஜிட்டல் வீடியோவில் எடுத்தவையும், பிலிமில் எடுத்தவையும், இன்றைய காமிராவில் எடுத்தவையும் ஒன்றாய்க் கிடந்தன. ஒன்றுக்கொன்று நிறம் பொருந்தாது, சட்டம் பொருந்தாது. அவற்றிலிருந்து ஒரு பெண்ணின் இருபது வருஷ வாழ்க்கையை எழுப்பினார்கள். நடிகை ஜாவ் டாவ் ஏறக்குறைய ஒரு வார்த்தையும் பேசாமல் படம் முழுவதும் வருகிறார். இளமையில் டாடோங் நகரத்தில் ஆடிக்கொண்டிருந்த அதே முகம், ஒப்பனையின் உதவி எதுவுமின்றி, நம் கண்முன்னே முதிர்ந்துவிடுகிறது. புதிதாக எடுத்த பகுதியும் பழைய காட்சிகளின் வரிசை துலங்கிய பிறகு அதற்கேற்ப எடுக்கப்பட்டதுதான். ஆகவே, இங்கே தொகுப்பே கதாசிரியனின் ஸ்தானத்தில் நின்றது என்பேன்.

டைரக்டர் தாமே தொகுத்துக்கொள்ளலாமே என்று கேட்கிறவர்களும் உண்டு. ஷென்யாங்கின் பாழடைந்த தொழிற்பேட்டையைப் பற்றி வாங் பிங் எடுத்த 'வெஸ்ட் ஆஃப் தி டிராக்ஸ்', ஏறக்குறைய 300 மணி நேரக் காட்சிகளிலிருந்து திரட்டப்பட்ட, ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட மகத்தான ஆவணப்படம். தாமே காமிராவைச் சுமந்து தொழிற்சாலைகளுக்குள் அலைந்த வாங் பிங்கூட, தொகுக்கும்போது ஆடம் கெர்பி என்பவரைக் கூட வைத்துக்கொண்டார். தான் பட்ட குளிரும் சிரமமும் ஒரு காட்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கையில், அந்தக் காட்சி பார்வையாளனுக்கு எதைத் தருகிறது என்று டைரக்டரால் நிதானிக்க முடிவதில்லை; அந்தச் சிரமத்தில் பங்குபெறாத கண் ஒன்று அவசியம்.

தணிக்கை பற்றிய வாதத்துக்கு வருகிறேன். எதிர்க்கட்சியார் பெரிதாக நம்புவது இதைத்தான். சீனாவில் வயதுவாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கிற முறை கிடையாது. எந்தப் படமும் எல்லாருக்கும் உரியதாக இருந்தாக வேண்டும், டிராகன் முத்திரை என்று படக்காரர்கள் சொல்கிற அநுமதிச் சான்று இல்லாமல் கொட்டகையில் ஓட முடியாது. 2017 மார்ச் முதல் அமுலில் இருக்கிற திரைப்படச் சட்டத்தின்படி, சான்று பெற்ற படத்தின் உள்ளடக்கத்தை மாற்ற வேண்டுமானால் மறுபடியும் பரிசீலனைக்குப் போக வேண்டும். இதிலிருந்து, எடிட்டர் எப்படியிருந்தாலும் ஒன்றுதான் என்கிற முடிவுக்கு அவர்கள் வருகிறார்கள். எனக்கோ நேர்மாறான முடிவே தோன்றுகிறது. எந்தக் காட்சியும் எந்த நேரத்திலும் போகக்கூடுமென்றால், அது போன பிறகு இரண்டு பக்கத்தையும் இணைக்கத் தெரிந்தவர், அந்தக் காட்சி எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று அறிந்தவர், பக்கத்தில் இருந்தே தீர வேண்டும். முதலில் அவசரமாகத் தொகுத்துச் சான்று வாங்கிவிட்டுப் பிறகு சீர்செய்துகொள்ளலாம் என்பது சட்டப்படியே நடவாத காரியம்.

2014 டிசம்பர் 21-இல் ஹூனான் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி எம்ப்ரஸ் ஆஃப் சைனா' தொடரின் கதி எல்லாருக்கும் தெரிந்தது. அரண்மனைப் பெண்களின் உடை கழுத்துக்குக் கீழே தாழ்ந்திருந்தது. ஒரு வாரத்தில் தொடர் நிறுத்தப்பட்டது. புத்தாண்டு தினத்தில் திரும்பி வந்தபோது காட்சிகளெல்லாம் பெரிதாக்கப்பட்டு, முகங்கள் மாத்திரம் திரையை அடைத்துக்கொண்டிருந்தன. அரண்மனையின் மண்டபங்களும், தூண்களும், பரிவாரங்களும், கோடிக்கணக்கில் செலவழித்துத் தைத்த ஆடைகளும் மறைந்தன. யார் யாரோடு எந்தத் தூரத்தில் நிற்கிறார் என்பதே விளங்காமல் போய், சபையில் நடக்கிற சூழ்ச்சி வெறும் தலைகளின் உரையாடலாகச் சுருங்கிற்று. சில நாள் அவகாசத்தில் அதைச் செய்து கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவசரத்தில் கொடுத்த வேலை அப்படித்தான் முடியும். தணிக்கை இருக்கிற நாட்டில் தொகுப்புக்குக் காலம் ஒதுக்கத் தெரியாமற்போனால் என்ன நேருமென்பதற்கு அது நிரந்தரமான அத்தாட்சி.

வெட்டுகிற கத்தி பெய்ஜிங்கில் மாத்திரம் இருப்பதாக எண்ணுவதும் பிழை. சென் கைகேயின் 'ஃபேர்வெல் மை கான்குபைன்' பெய் ஷியாவ்நான் தொகுத்தது. 1993-இல் கான் விழாவின் தங்கப் பனையைப் பகிர்ந்துகொண்டது. 171 நிமிஷம் ஓடுவது. அமெரிக்காவில் அதை வெளியிட்ட மிராமாக்ஸ் கம்பெனி ஏறக்குறைய 14 நிமிஷத்தைக் கத்தரித்தே அந்நாட்டு ஜனங்களுக்குக் காட்டியது. எந்த அரசாங்கமும் அப்படி உத்தரவிடவில்லை; தங்கள் ரசிகருக்குப் பொறுமை போதாது என்று வியாபாரிகள் தாங்களாகவே முடிவுகட்டினார்கள். அதேபோல, சீன டெலிவிஷனில் 76 பாகங்களாக வந்து பெரும் பிரசித்தி பெற்ற ஜென் ஹுவான் அரண்மனைத் தொடரை 2015-இல் அமெரிக்க நெட்பிளிக்ஸில் ஒவ்வொன்றும் 90 நிமிஷமுள்ள ஆறே பாகங்களாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். அந்தத் தொடரின் உயிரே, ஒரு கோப்பைத் தேநீருக்கும் ஒரு சிரிப்புக்கும் இடையில் ஒளிந்திருக்கும் விஷத்தை மெதுவாக, நாட்கணக்கில் வெளிப்படுத்துவதுதான். ஐம்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட கதையை ஒன்பது மணிக்குள் அடைத்தபோது சம்பவங்கள் தங்கின, சூழ்ச்சி ஊறுவதற்கு வேண்டிய காலம் போய்விட்டது.

நீட்டுவதிலும் இதே அநியாயம் நடக்கிறது. தொடர்களைப் பாகத்துக்கு இவ்வளவு என்று விலை பேசி விற்கிற வழக்கம் இருந்ததனால், முப்பது பாகத்துக்குப் போதுமான கதையை அறுபதாக இழுக்கச் சொல்லி எடிட்டரை நெருக்கினார்கள். நடந்த காட்சியே நினைவாகத் திரும்ப வரும், கதாநாயகன் திரும்பிப் பார்ப்பதற்கு அரை நிமிஷம் ஆகும். இதைச் சகிக்காமல் 2020 பிப்ரவரியில் ஒலிபரப்பு நிர்வாகமே, நாற்பது பாகத்துக்கு மேல் போகாதிருக்கும்படி சிபாரிசு செய்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. எடிட்டருடைய தீர்ப்புக்கு மதிப்பு இருந்திருந்தால் அந்த அறிக்கைக்கு அவசியமே நேர்ந்திராது.

இப்போது கைபேசியில் 'ஜியான்யிங்' போன்ற செயலிகள் வந்துவிட்டன. ஒன்றிரண்டு நிமிஷம் ஓடுகிற குறுநாடகங்களை ஹெங்டியன் ஸ்டூடியோ வளாகத்திலும் ஜெங்ஜோ நகரத்திலும் நாட்கணக்கில் எடுத்து முடிக்கிறார்கள். ஆகவே இனி எடிட்டர் எதற்கு என்கிறார்கள். செயலி துண்டுகளை ஒட்டும். இந்தத் துண்டு ஏன் என்று அதற்குத் தெரியாது. 2021-இல் வெளிவந்த 'தி பேட்டில் அட் லேக் சாங்ஜின்' படத்துக்குச் சென் கைகே, ட்ஸூய் ஹார்க், டான்டே லாம் என்று மூன்று டைரக்டர்கள். மூவரும் மூன்று விதமான போக்குடையவர்கள். மூவர் கையிலிருந்து வந்த காட்சிகள் 176 நிமிஷமுள்ள ஒரே படமாக வந்து 570 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தன. அதன் கருத்தோடு ஒருவர் உடன்படலாம், படாதிருக்கலாம். மூன்று போக்குகளை ஒரே படமாக்கியது செயலி அல்ல என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

சீன ரசிகனுக்கு வேண்டியது பிரம்மாண்டமே, நுட்பமான தொகுப்பை அவன் கவனிக்கப்போவதில்லை என்றும் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். நம்முடைய தமிழ்ப் படமான 'மகாராஜா' 2024 நவம்பர் 29-இல் சீனக் கொட்டகைகளில் வெளியாயிற்று. பிரம்மாண்டம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. முடிதிருத்தும் ஒருவர் காணாமற்போன குப்பைத் தொட்டியைத் தேடித் தரும்படி போலீஸ் ஸ்டேஷனில் மன்றாடுகிற கதை. பிலோமின் ராஜின் தொகுப்பு காலத்தைக் கலைத்துப் போட்டு, எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதைக் கடைசி வரையில் மறைத்து வைத்திருக்கிறது. அந்த வரிசையைக் குலைத்தால் படமே இல்லை. தமிழ் ஒரு வார்த்தையும் அறியாத ஜனங்கள் அந்தத் தொகுப்பைத் தொடர்ந்து போய்க் கண்கலங்கினார்கள். அவர்களுக்கு நுட்பம் புரியாதென்று அந்நாட்டு முதலாளிகளே சொல்வது அவர்களை அவமதிப்பதாகும்.

மிஞ்சுவது செலவு. இதையும் நேராகவே சந்திக்கிறேன். எடிட்டரைப் படப்பிடிப்புக்கு முன்னமேயே அமர்த்தினால் சில மாத ஊதியம் கூடும் என்பது மெய். ஆனால் அன்றன்று எடுத்த காட்சிகள் (ரஷஸ்) அன்றன்றே அவர் கையில் சேர்ந்தால், விடுபட்ட ஒரு குளோஸ்-அப்பை, செட் கலைக்கப்படுவதற்கு முன் மறுநாளே எடுத்துக்கொள்ளலாம். ஹெங்டியனில் வாடகைக்கு எடுத்த அரண்மனையை விட்டு வந்து, நடிகர்கள் வேறு படத்துக்குத் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்ட பிறகு, அதே காட்சிக்கு அவர்களைத் திரும்பக் கூட்டுவதற்கு ஆகிற செலவு அந்தச் சில மாத ஊதியத்தைப்போல் பல மடங்கு. ஆகையால் சீனாவில் படம் எடுக்க நினைக்கிறவர் ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ள வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன். எடிட்டர் திரைக்கதையைப் படித்துச் சம்மதித்த பிறகே முதல் நாள் படப்பிடிப்பு நடக்கட்டும். அந்தந்த ஊர்ப் பேச்சு தெரிந்த உதவியாளர் ஒருவர் படப்பிடிப்புத் தலத்திலேயே இருக்கட்டும். கூலி பாகத்துக்கு இவ்வளவு, நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பேசப்படாமல், வாரக்கணக்கில் பேசப்படட்டும். நீட்டினாலும் குறைத்தாலும் அவருக்கு இலாபமோ நஷ்டமோ இல்லாதிருந்தால்தான் அவருடைய தீர்ப்பு நடுநிலையாயிருக்கும். பரிசீலனைக் குழு மாற்றம் கேட்டால், அந்த மாற்றத்தைச் செய்கிற உரிமையும், அதற்கு வேண்டிய காலமும், அதற்குத் தனி ஊதியமும் படத்தைத் தொகுத்த அதே எடிட்டருக்கே சேரட்டும். அவரை விலக்கிவிட்டு வேறு கையில் கொடுப்பதாயிருந்தால், படத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து தம் பெயரை எடுத்துவிடும்படி கேட்க அவருக்கு அதிகாரம் இருக்கட்டும்.